எந்த மணிக்கூட்டின் இரண்டு மணி?

லினக்ஸ் சேர்வரில் குறித்த நேரத்துக்கு ஓட வேண்டிய வேலை ஓடாவிட்டால் முதலில் பழி விழுவது, வேலைகளை நேரத்துக்குத் தொடங்கிவைக்கும் கிரொன் மீது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு பாடசாலைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இணையத்தளம் பராமரிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். முறைப்பாடுகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இரவு பேக்கப் எடுபடவில்லை. காலை எட்டு மணிக்குப் போக வேண்டிய குறுஞ்செய்தி பிற்பகல் ஒன்றரைக்குப் போயிருக்கிறது. கையால் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓடச் சொன்னால் ஓடவில்லை. இவற்றுக்குக் கிடைக்கும் ஆலோசனையும் இப்போது ஒன்றாகிவிட்டது: கிரொனைக் கைவிட்டு, அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி டைமருக்கு மாறு.

அந்த ஆலோசனையை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. தானாக ஓடும் எந்த வேலையையும் மூன்று கேள்விகளால் அளக்கலாம். உரிய நேரத்தில் தொடங்கியதா? தொடங்கியது முடிந்ததா? முடிந்தபோது காரியம் நிறைவேறியிருந்ததா? மூன்றும் வேறு வேறு கேள்விகள். ஒன்றுக்கான விடையை இன்னொன்றுக்கும் விடையாக எடுத்துக்கொள்வதால்தான் நம்மவர்கள் நாட்கணக்கில் தவறான இடத்தைத் தோண்டுகிறார்கள்.

நேரத்தில் தொடங்குவோம். மேலே சொன்ன ஊர்கள் அடங்கிய வன்னியைப் பொறுத்தவரை விஷயம் கனமாக இருப்பது இங்கேதான்.

கிரொனின் அட்டவணையான கிரொன்டாப்பின் ஒரு வரியில் நேரத்துக்கு ஐந்து புலங்கள்: நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை. "0 2 * * *" என்றால் ஒவ்வொரு நாளும் இரவு இரண்டு மணி. எந்த ஊரின் இரண்டு மணி என்று அந்த வரி சொல்வதில்லை. சேர்வர் எந்த நேர வலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறதோ அந்த ஊரின் இரண்டு மணி. வாடகைக்கு எடுக்கும் சேர்வர்களில் பெரும்பாலானவை உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கும். சில, தரவு நிலையம் நிற்கும் நாட்டின் நேரத்தில் இருக்கும்.

இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. இலங்கை நேரம் யூடிசிக்கு ஐந்தரை மணிநேரம் முன்னால் நிற்கிறது. அந்த அரைமணி இருப்பதால் பிழையின் அளவே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வேலை சரியாக ஐந்தரை மணிநேரம் பிந்தி ஓடினால் சேர்வர் யூடிசியில் இருக்கிறது. எட்டு மணிக் குறுஞ்செய்தி ஒன்றரைக்குப் போனதன் கதை இதுதான். இரண்டரை மணிநேரம் முந்தி ஓடினால் சிங்கப்பூர் நேரம். பிந்துதல் மாரியில் நாலரையாகவும் கோடையில் மூன்றரையாகவும் இருந்தால் ஜெர்மனி. பத்தரைக்கும் ஒன்பதரைக்கும் இடையே வருடத்தில் இரு தடவை தாவினால் அமெரிக்காவின் கிழக்குக் கரை. மூன்று நாள் ஓட்டங்களின் நேரத்தை ஒரு தாளில் குறித்து ஓட வேண்டிய நேரத்திலிருந்து கழித்துப் பார்த்தால் நேர வலயப் பிழையைக் கிரொன்டாப்பைத் திறக்காமலே உறுதிப்படுத்தலாம். வித்தியாசம் இப்படி எந்த வலயத்துக்கும் பொருந்தாமல் கண்டபடி இருந்தால் நோய் நேரத்தில் இல்லை, வேறிடத்தில் தேடவேண்டும்.

வித்தியாசம் சரியாக அரைமணி மட்டும் என்றால்? அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1996 மே 25 அன்று இலங்கை அரசு மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்தள்ளியது. ஐந்தரை, ஆறரை ஆனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று அரைமணி பின்வாங்கி ஆறு ஆனது. அந்த ஆறு 2006 ஏப்ரல் 15 வரை நீடித்து, பிறகு மீண்டும் ஐந்தரைக்கே திரும்பியது. இந்த மாற்றங்கள் எதையும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி ஏற்கவில்லை. அங்கே மணிக்கூடுகள் பழைய ஐந்தரையிலேயே ஓடின. 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் ஏ9 வீதி திறந்தபோது வவுனியா நகரில் ஒரு நேரமும் ஓமந்தைக்கு வடக்கே அரைமணி பிந்திய இன்னொரு நேரமும் இருந்தன. ஒரே பெருநிலம், ஒரே வீதி, இரண்டு நேரங்கள். பஸ்ஸில் போனவர்கள் கைமணிக்கூட்டைத் திருப்பிவைக்க வேண்டியிருந்தது.

இது கணினிக்குள் எப்படிப் பதிந்திருக்கிறது என்பது கூர்ந்து பார்க்க வேண்டியது. லினக்ஸ் சேர்வர்கள் எல்லாம் நேரத்துக்கு நம்பியிருப்பது ஐயானா பராமரிக்கும் நேர வலயத் தரவுத்தளத்தை. அதில் இலங்கைக்கு ஒரே வலயம்தான்: ஆசியா/கொழும்பு. 1996 இன் இரு மாற்றங்களும் 2006 இன் மாற்றமும் அதில் நிமிடம் பிசகாமல் உள்ளன. புலிகள் 1996 மாற்றத்தை ஏற்காமல் ஐந்தரையிலேயே இருந்தார்கள் என்ற 2006 ஏப்ரல் மாத ரொய்ட்டர்ஸ் செய்தியும் அந்தக் கோப்பில் குறிப்புரையாக இருக்கிறது. ஆனால் குறிப்புரையைச் சேர்வர் வாசிக்காது. அந்தப் பத்தாண்டின் கிளிநொச்சி நேரம் கொழும்பு வலயத்தின் கணக்கில் இல்லை.

தரவுத்தளம் தவறிவிட்டது என்று இதைச் சொல்லலாமா? அதன் நெறியை வைத்தே பார்ப்போம். 1970 முதல் மணிக்கூடுகள் ஒத்துப்போகும் இடங்களை ஒரே வலயமாக எடுப்பதும் ஒத்துப்போகாதவற்றுக்குத் தனி வலயம் கொடுப்பதும் அங்கே விதி. அந்த விதிப்படி, மாற்றத்தை ஏற்காத வன்னிப் பகுதி கொழும்பு வலயத்துக்குள் அடங்காது. அதே விதிப்படி அதற்குப் புதிய வலயமும் தேவையில்லை. 1970 முதல் இன்றுவரை இடையறாமல் ஐந்தரையில் நின்ற ஒரு வலயம் ஏற்கெனவே இருக்கிறது: ஆசியா/கொல்கத்தா. கணக்கைப் பொறுத்தவரை அந்தப் பத்தாண்டின் கிளிநொச்சி நேரமும் இந்திய நேரமும் ஒன்றே.

இது வெறும் அறிவுப்புதிர் என்று ஒதுக்க முடியாது. அந்தக் காலத்துக் கையெழுத்துப் பதிவேடுகளையும் நாட்குறிப்புகளையும் படங்களையும் மின்னாவணமாக்கும் வேலைகள் இன்று நடக்கின்றன. அன்றன்று தட்டெழுதியதை இரவில் தானாக ஓடும் ஒரு நிரல் யூடிசிக்கு மாற்றிச் சேமிக்கும். அந்த நிரலில் நாடு இலங்கை என்பதால் ஆசியா/கொழும்பு என்று வைத்தால், 2003 இல் கிளிநொச்சியில் காலை 6.10 க்குப் பிறந்த குழந்தையின் நேரம் யூடிசியில் 0.40 ஆகாமல் 0.10 ஆகப் பதியும். அதை இன்றைய ஐந்தரையில் திருப்பிக் காட்டினால் 5.40. எந்த எச்சரிக்கையும் வராது. வேலை தொடங்கியது, முடிந்தது, பதிவு மட்டும் அரைமணி பொய். சாதகம் பார்ப்பவருக்கு அரைமணி எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. ஆவணம் எந்தத் திகதியுடையது என்பதோடு, அன்று அந்த ஊர் யாருடைய மணிக்கூட்டில் இருந்தது என்பதையும் தனிப் புலமாக வைக்காத எந்த நிரலும் வன்னி ஆவணங்களுக்குத் தகுதியற்றது என்பதே என் முடிவு.

கிரொனுக்குத் திரும்புவோம். நேர மாற்றத்தைக் கையாளுவதில் அது நாம் நினைப்பதைவிடக் கவனமானது. டெபியன், ரெட்ஹாட் குடும்பங்களில் இயல்பாக வரும் கிரொன், மூன்று மணிநேரத்துக்குக் குறைவான நேரத் தாவலைத் தனியாகக் கவனிக்கும். நேரம் முன்னே தாவினால் இடையில் விடுபட்ட வேலைகளை உடனே ஓட்டும். பின்னே வந்தால் ஒரே வேலையை இரு தடவை ஓட்டாமல் தவிர்க்கும். நிமிடப் புலத்திலோ மணிப் புலத்திலோ நட்சத்திரம் உள்ள வேலைகளுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. 2006 ஏப்ரல் 15 அன்று நள்ளிரவு கழிந்து அரைமணியில் மணிக்கூடு மீண்டும் பன்னிரண்டுக்குத் திரும்பியபோது, 12.15 இற்கு வைத்த வேலை அந்தக் கிரொனில் இரட்டிக்காது. தரவுத்தளத்தின் புதிய பதிப்பு அந்தச் சேர்வருக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வராத கணினி அரைமணி முந்தியபடியே ஓடும். வித்தியாசம் அரைமணி மட்டும் என்றால் என்று மேலே கேட்ட கேள்விக்கான விடை இதுதான். இன்றும் ஒரு பழைய கருவி சரியாக அரைமணி முந்தி நின்றால் அதன் வலயத் தரவு 2006 க்கு முந்தியது என்று சந்தேகிக்கலாம். சேர்வரின் நேர வலயத்தை மாற்றியபின் கிரொனை மறுபடி தொடக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைச் செய்யாமல் பழைய வலயத்திலேயே ஓடவிட்டு, மாற்றியும் சரிவரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வோர் அதிகம்.

சேர்வரை எப்போதும் யூடிசியில் வை என்பது இத்துறையின் வேதவாக்கு. சேமிக்கும் தரவுக்கும் லொக்குகளுக்கும் அது சரி. கிரொன்டாப்புக்கும் அதையே நீட்டுவது இங்கே பொருந்தவில்லை. அந்த விதி பிறந்தது கோடை நேரம் உள்ள நாடுகளில். ஜெர்மனி போன்ற இடங்களில் இரவு இரண்டு மணி வருடத்தில் ஒருநாள் இரு தடவை வரும், ஒருநாள் வரவே வராது. 2006 க்குப் பின் இலங்கையில் அந்தத் தொல்லை இல்லை. யூடிசியில் எழுதினால் நமக்கு வேறு தொல்லை வருகிறது. இலங்கையில் திங்கள் இரவு 2 மணி, யூடிசியில் ஞாயிறு 20.30. ஆகவே கிழமையை ஒன்று குறைத்து எழுதவேண்டும். மாதத்தின் முதலாந் திகதி இரவு 2 மணிக்கு ஓட வேண்டிய சம்பளக் கணக்கு முந்திய மாதத்தின் கடைசி நாளுக்குப் போய்விடும். கடைசி நாள் என்று சொல்லக் கிரொன்டாப்பில் வழியே இல்லை. 28 முதல் 31 வரை தினமும் ஓட்டி, நாளைய திகதி ஒன்றா என்று வரியிலேயே சோதிப்பது வழக்கமான குறுக்குவழி. அந்தச் சோதனையில் திகதி வடிவத்துக்காகச் சதவீதக் குறி வரும். கிரொன்டாப்பில் சதவீதக் குறி புதிய வரியாக எடுக்கப்படும் என்பதால் கட்டளை பாதியில் அறுந்துவிடும். ஒரு குழியைத் தாண்டப் போய் இன்னொன்றில் விழுகிறோம்.

வலயத்தைக் கிரொன்டாப்பிலேயே குறிக்கும் வசதி ரெட்ஹாட் குடும்பத்தின் கிரொனான குரோனியில் இருக்கிறது. டெபியன், உபுண்டுவின் வழக்கமான கிரொனில் இல்லை. அங்கே அந்த வரியை எழுதினால் பிழையென்றும் சொல்லாது, ஏதோ ஒரு சூழல் மாறியாக எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். சிஸ்டம்டி டைமரில் நேரத்துக்குப் பின்னால் வலயத்தின் பெயரை எழுதலாம், மாதத்தின் கடைசி நாளையும் குறிக்கலாம். நேரத்தைச் சொல்லும் ஆற்றலில் டைமர் தெளிவாக மேலானது. இருந்தாலும் கிரொன் நேரம் தவறுகிறது என்ற குற்றச்சாட்டு நிற்காது. சேர்வரின் மணிக்கூட்டை அது தவறாமல் பின்பற்றுகிறது. எந்த மணிக்கூடு என்று நாம் சொல்லவில்லை.

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில் கிரொனின் நிலை இவ்வளவு நல்லதல்ல.

டெபியன் கிரொன் இயல்பில் லொக்கில் எழுதுவது தொடங்கியதை மட்டும். பயனர் பெயரும் கட்டளையும் கொண்ட ஒரு வரி வரும், அவ்வளவுதான். முடிந்ததா, தோற்றதா என்பதற்கு ஒரு எழுத்தும் இல்லை. முடிவையும் தோல்வியையும் பதியச் செய்யும் ஒரு தெரிவு அதில் உண்டு, இயல்பில் அணைந்திருக்கும். வேலை எதையாவது வெளியிட்டால் அதை உரியவருக்கு மின்னஞ்சலாக அனுப்புவது கிரொனின் பழைய ஏற்பாடு. பழைய யூனிக்ஸ் கணினிகளில் அஞ்சல் வசதி இருந்தது. இன்றைய சிறு சேர்வரில் இல்லை. எனவே அஞ்சல் மென்பொருள் இல்லை, வெளியீடு வீசப்பட்டது என்று ஒரு வரி லொக்கில் விழும். பிழைச்செய்தி வந்த இடத்திலேயே எரிக்கப்படுகிறது. இதோடு ஒவ்வொரு வரியின் வாலிலும் வெளியீட்டையும் பிழையையும் வெற்றுக் குழிக்குள் தள்ளும் அந்தச் சில எழுத்துகளை ஒட்டும் பழக்கம் வேறு. யாரோ எழுதியதை நகலெடுத்து ஒட்டியவர்கள் தாமே தமது கண்ணைக் கட்டிக்கொள்கிறார்கள். பழுது பார்க்கும்போது என் முதல் வேலை அந்த வாலை வெட்டி வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்புவது. கிரொன்டாப்பின் ஐந்து நட்சத்திரங்களைத் திரும்பத் திரும்ப முறைப்பது அதற்குப் பிறகு. லொக்கைத் தேடும்போது இன்னொன்றும் கவனிக்கவும்: டெபியன் 12 முதல் சிஸ்லொக் கோப்பு இயல்பாக இருப்பதில்லை. பழைய வழிகாட்டிகளை வைத்துத் தேடினால் கிரொன் ஓடவே இல்லை என்று தோன்றும். சிஸ்டம்டியின் ஜேர்னலில் பார்க்கவேண்டும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரொனில் ஓடவில்லை என்ற முறைப்பாட்டின் விடை அநேகமாகச் சூழல்தான். நாம் உள்நுழையும்போது கிடைக்கும் பாதைகளும் ஷெல்லும் கிரொனுக்குக் கிடைப்பதில்லை. அதற்கு இரண்டு மூன்று கோப்பகங்களே தெரியும், டெபியனிலும் உபுண்டுவிலும் அதன் ஷெல் பாஷ் அல்ல, டாஷ். பகிர்வு ஹொஸ்டிங்கில் இணையப்பக்கம் ஓடும் பிஎச்பி ஒரு பதிப்பு, கிரொனுக்கு அகப்படும் பிஎச்பி இன்னொன்று. முழுப் பாதையை எழுதினால் இவற்றில் பாதி தீரும். டைமருக்கு மாறினால் இது தீருமா? தீராது. சிஸ்டம்டியும் வெறுஞ்சூழலில்தான் ஓட்டும். சதவீதக் குறி அங்கேயும் வேறு பொருளில் எடுக்கப்படும், இரட்டித்து எழுதவேண்டும். மாறியவுடன் சரியாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்மையில் மாற்றும் சாக்கில் முழுப் பாதையை எழுதியவர்கள்.

மூன்றாவது கேள்வியைக் கிட்ட நின்று பார்க்க ஒரு பேக்கப் வரி போதும். தரவுத்தளத்தை வெளியே எடுக்கும் கட்டளை, குழாய், ஜிசிப், கோப்பு. கடவுச்சொல் மாறிவிட்டது என்று வையுங்கள். வெளியெடுக்கும் கட்டளை தோற்று எதையும் தராது. ஜிசிப் அந்த ஒன்றுமில்லாததை வாங்கி ஒழுங்காகச் சுருக்கி 20 பைட் கோப்பாக எழுதும். குழாயின் வெற்றி தோல்வியை ஷெல் கடைசிக் கட்டளையை வைத்தே தீர்மானிக்கும், ஜிசிப் வென்றுவிட்டது, எனவே முழு வேலையும் வெற்றி. கிரொன் குறை சொல்லாது. சிஸ்டம்டியும் பச்சை விளக்குக் காட்டும். ஒவ்வொரு நாளும் திகதியோடு ஒரு கோப்பு, ஒவ்வொன்றும் 20 பைட். வட்டு செத்த அன்றுதான் இது தெரியவரும். இந்த இடத்தில் இரண்டு கருவிகளும் ஒரே அளவுக்குக் குருடு. கோப்பின் அளவை நேற்றையதோடு ஒப்பிடுவதும் மாதம் ஒருமுறை அதை வேறொரு கணினியில் விரித்துப் பார்ப்பதும் வேலையை எழுதுபவரின் கடமை.

இனி மின்சாரம். சேர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் இந்தக் கவலை வேண்டாம். ஆனால் வன்னியில் பல அலுவலகங்களும் கற்பித்தல் நிலையங்களும் ஒரு கணினியை மூலையில் வைத்துச் சேர்வராக ஓட்டுகின்றன. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் இருண்டது. யூபிஎஸ்ஸின் பற்றரி இவற்றுக்கு நின்றுபிடிக்காது. கணினி அணைந்திருந்த நேரத்தின் வேலையைக் கிரொன் கணக்கிலேயே எடுக்காது. மின்சாரம் வந்தபின் நாளைய இரண்டு மணிக்காகக் காத்திருக்கும், தவறவிட்டேன் என்றும் சொல்லாது. சிஸ்டம்டி டைமரில் ஒரு வரி சேர்த்தால் தவறிய வேலையை எழுந்தவுடன் ஓட்டும். இங்கே டைமருக்கு ஆதரவான வாதம் அசைக்க முடியாதது.

அதற்கும் எல்லை உண்டு. பத்துத் தடவை தவறினாலும் டைமர் ஒரு தடவைதான் ஈடுசெய்யும். இரவு பேக்கப்புக்கு அது போதும். மாரியில் ஒரு குளத்தின் நீர்மட்டத்தை மணிக்கொரு தடவை வாங்கித் தளத்தில் ஏற்றும் வேலைக்குப் போதாது. கடைசியாக எதுவரை ஏற்றினேன் என்று வேலையே நினைவில் வைத்து, விடுபட்டதையெல்லாம் எடுக்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். தாய்ப்பலகையின் சிறு பற்றரி செத்த கணினி பழைய திகதியோடு எழும்புவது இன்னொரு ஆபத்து. வலையிலிருந்து நேரம் கிடைக்கும்வரை காத்திருக்கும் சேவையை இயக்கிவைக்காவிட்டால் டைமரும் அந்தப் பொய்த் திகதியை நம்பிவிடும்.

வேர்ட்பிரஸ்ஸின் சொந்தக் கிரொனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாராவது பக்கத்தைத் திறந்தால்தான் அது நேரம் பார்க்கும். வைகாசிப் பொங்கலுக்கு மட்டும் ஆட்கள் மொய்க்கும் கோயில் தளத்தில் மற்றப் பதினொரு மாதமும் அது தூங்கும். அதை அணைத்து, உண்மையான கிரொன் கால்மணிக்கு ஒரு தடவை அதைத் தட்டும்படி வைக்கவேண்டும். மூடில், லாரவெல் இரண்டும் நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடும் உண்மையான கிரொனை எதிர்பார்க்கின்றன.

ஆக என் தீர்ப்பு இது. நேரம் தவறுகிறது என்ற குற்றச்சாட்டிலிருந்து கிரொனை விடுவிக்கிறேன். மௌனத்துக்கும் மின்வெட்டை மறப்பதற்கும் அது குற்றவாளிதான். வன்னியில் நிற்கும் கணினிக்கு, ரூட் அதிகாரம் கையில் இருந்தால், சிஸ்டம்டி டைமர். வெளிநாட்டுத் தரவு நிலையத்தில் அணையாமல் ஓடும் சொந்தச் சேர்வருக்குக் கிரொன் போதும். பார்வையாளர் எல்லாம் இலங்கையர் என்றால் சேர்வரின் நேரத்தைக் கொழும்பில் வைத்து, தரவை மட்டும் யூடிசியில் சேமிக்கலாம். மாதக் கணக்கு வேலைகள் அதனால் கூட்டல் கழித்தல் இல்லாமல் ஓடும், இரவில் எழுந்து பழுது பார்ப்பவர் படித்தவுடன் புரிந்துகொள்வார்.

நம் சிறு நிறுவனங்களில் பெரும்பாலானவை இருப்பது பகிர்வு ஹொஸ்டிங்கில். அங்கே சிபேனல் தருவது கிரொன் மட்டும். டைமருக்கு மாறு என்ற ஆலோசனை அவர்களுக்குப் பயனில்லை. செய்யக்கூடியது வேறொன்று: வேலை வென்று முடிந்தால் மட்டும், பேக்கப்பின் அளவையும் சோதித்தபின், ஹெல்த்செக்ஸ் போன்ற ஒரு வெளிச்சேவையின் முகவரியைத் தட்டும்படி கடைசி வரியை எழுதுவது. குறித்த நேரத்துக்குள் தட்டல் வராவிட்டால் அந்தச் சேவை உங்கள் தொலைபேசிக்கு அறிவிக்கும். மின்வெட்டானாலும், கடவுச்சொல் மாறினாலும், கிரொன்டாப்பையே யாரோ அழித்தாலும் தட்டல் வராது, அறிவிப்பு வரும். எந்தக் கருவியில் இருந்தாலும் இந்த ஒரு வரியைச் சேர்த்தபிறகே மற்ற மாற்றங்களைப் பற்றி யோசிக்கலாம்.